செம்பாக்கத்தில் மூன்று ரோமானியர்கள்

அக்கா போனில் கேட்டது ஒன்றே ஒன்று. "வர்ற ஞாயித்துக்கிழமை மாமாவுக்கு வருஷ திதி. கேட்டுக்கு உள்பக்கம் சின்னதா ஒரு பேனர் வைக்கணும். போட்டோவுக்குக் கீழே அவர் எப்பவும் சொல்ற அந்த லத்தீன் வாக்கியத்தைப் போடணும். எதுன்னு எனக்குத் தெரியலடா. நீ வந்து கண்டுபிடிச்சுக் குடு."

எனக்கும் லத்தீனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. முப்பத்து மூன்று ஆண்டுகளாக மலேசியாவில், ஈப்போ நகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். ஆணி, தாழ்ப்பாள், குழாய் பற்றிக் கேட்டால் அரை நாள் பேசுவேன். ஆனாலும் அக்கா வாழ்க்கையில் என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. பிறந்த ஊருக்கே விசா எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாமா குணசேகரன், அக்காவின் கணவர், மின்சார ரயிலில் கார்டாக இருந்தவர். கல்யாணமான புதிதில், தாம்பரம் யார்டில் காலி ரயிலைச் சோதிக்கும்போது சாமான் வைக்கும் தட்டில் ஒரு புத்தகம் கிடைத்திருக்கிறது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. பழைய ரோமானியர்கள் சொன்ன வாக்கியங்களும் அவற்றின் கதைகளும் ஆங்கிலத்தில் இருந்தனவாம். தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. அன்றிலிருந்து சீசரும் அவர் சொந்தக்காரர்களும் மாமாவின் வாயிலேயே குடியேறிவிட்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம் செம்பாக்கம் வந்து சேர்ந்தேன். ஈப்போவில் நாங்கள் நான்கு மணி ஆனால் மழை வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். இங்கே வானத்தைப் பார்த்தால் மழை என்கிற சொல்லே மறந்துவிடும் போலிருந்தது. அக்கா வீடு இரண்டாம் மாடி. மணத்தக்காளி வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், மோர் ஊற்றும்போதுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"அந்தப் புக்கு எங்கக்கா?" என்று கேட்டேன். அதில் கோடு போட்ட வரி ஏதாவது இருக்கும், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

"பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேன். அவர் போய் ஒரு மாசத்துல அலமாரியை ஒழிச்சேன். அட்டையில்லாத புக்கு, எது என்னன்னு பிரிச்சுக்கூடப் பாக்கலை."

அவளே தொடர்ந்தாள். "நாப்பது வருஷம்டா. அவர் ஆரம்பிச்சாலே, 'போதும், உங்க ரோமாபுரியை மூட்டை கட்டுங்க'ன்னு எழுந்து போயிடுவேன். இப்ப ஒரு வரி வேணும்னு உக்காந்து யோசிக்கிறேன், ஒண்ணுகூட ஞாபகம் வரலை. ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும், பொண்டாட்டிக்குத்தான் தெரியலை. அதை நினைச்சா அவமானமா இருக்கு."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை ஊரப்பாக்கத்துக்குப் புறப்பட்டேன். மாமாவோடு பதினைந்து வருடம் வண்டி ஓட்டிய மோட்டார்மேன் ஆறுமுகம் அங்கே இருக்கிறார் என்று அக்கா விலாசம் எழுதித் தந்திருந்தாள். தாம்பரம் ஸ்டேஷன் நான் விட்டுப்போன ஸ்டேஷனே இல்லை. படி ஏறி, பாலம் கடந்து, படி இறங்கி, கூட்டம் எந்த வண்டியில் ஏறியதோ அதில் நானும் ஏறினேன். குரோம்பேட்டை வந்த பிறகு பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மாவிடம் ஊரப்பாக்கம் எப்போது வரும் என்று கேட்டேன்.

"இன்னாபா நீ? ஊரப்பாக்கம் அந்தாண்ட கீது, நீ இந்தாண்ட போய்க்கினு கீற. எறங்கு எறங்கு!"

ஈப்போவில் ரயில் தவறினால் அடுத்தது எப்போது என்று விசாரிக்க வேண்டும். இங்கே தவறான வண்டியிலிருந்து இறங்கி, முகத்தைத் துடைப்பதற்குள் சரியான வண்டி வந்துவிட்டது. கார்டின் மைத்துனன் திசை தெரியாமல் ரயிலேறினான் என்பதை ஊரப்பாக்கத்தில் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆறுமுகம் வாசலிலேயே நின்றிருந்தார். "கார்டு சாரோட மச்சானா நீ? வா வா. டிபன் துன்ட்டு பேசலாம்." தோசையும் வடகறியும் வந்தன. வடகறி என்ற ஒன்றுக்காகவே மனிதன் சென்னைக்குத் திரும்பி வரலாம். மூன்றாவது தோசையின்போது நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"ஃபெஸ்டினா லென்டே. அதான் சாரோட வாக்கு. கார்டு ரெண்டு பெல்லு அட்ச்சா நான் வண்டிய எடுக்கணும், அதான் ரூலு. உங்க மாமா ரெண்டு பெல்லும் அடிப்பாரு, அப்பால இன்டர்காம்ல 'ஃபெஸ்டினா லென்டே'ம்பாரு. இன்னாடா இது, புது சர்க்குலர் எதுனா வந்துகீதான்னு ஆறு மாசம் முழிச்சிகினு இருந்தேன். கேக்கவும் வெக்கம். ஒரு நாளு டீ குடிக்க சொல்லோ கேட்டுட்டேன். ரோமாபுரி ராஜா அகஸ்டஸ் சொன்னதாம். அவசரப்படு, ஆனா நிதானமா அவசரப்படுன்னு. அவரு தன் தளபதிங்ககிட்ட அதைத்தான் சொல்லிகினே இருப்பாராம்."

"நம்ம ஊர்ல பதறாத காரியம் சிதறாதும்பாங்களே."

"அதே தான்! லேட்டான வண்டின்னா கை பரபரங்கும் சார். அந்தக் குரலு காதுல வியும், கை தானா நிதானமா பூடும். நான் ரிடையராவற வரைக்கும் ஒரு சிக்னலைத் தாண்டினது இல்ல. பேனர்ல அதையே போடு. வேற பேச்சே கெடையாது."

திரும்பும்போது ரயிலில் போனை எடுத்துத் தேடினேன். அகஸ்டஸ் அந்த வாக்கியத்தைக் கிரேக்க மொழியில்தான் சொல்வாராம். நிலைத்தது என்னவோ லத்தீன் வடிவம். அவருடைய தலை பொறித்த காசுகள் நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே தோண்டக் கிடைத்திருக்கின்றன என்றும் போட்டிருந்தது. அவருடைய சலவைக்கல் சிலை ஒன்றின் படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டேன். வேலை முடிந்தது என்ற நிம்மதியில் தாம்பரத்தில் ஒரு ரோஸ் மில்க் குடித்தேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் மலரவில்லை. "ஆறுமுகம் அண்ணனுக்கு அவர் டூட்டில சொன்னது அது. வீட்டுக்கு வந்து சொன்ன மாதிரி தெரியலையே. மேல் வீட்டு சுகந்தியைக் கேளு. அசோசியேஷன் மீட்டிங்ல எல்லாம் ஏதோ ஒண்ணைச் சொல்லிச் சொல்லி அவளைப் படுத்துவார்."

சுகந்தி அக்கா குடியிருப்பின் அசோசியேஷன் செயலாளர். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய வேலை. விடிந்ததும் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தால் அரை மணி தர முடியும் என்று மெசேஜ் அனுப்பினாள். ஆகவே வெள்ளிக்கிழமை சிறுசேரி.

ஏசி பஸ்ஸில் உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன், கேளம்பாக்கத்தில் விழித்தேன். சிறுசேரி பின்னாலேயே போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தேன். டிரைவர் என் மடியில் பாதி உட்கார்ந்தபடி ஓட்டினார், அல்லது நான் அவர் மடியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டில் எது என்று கடைசிவரை தெரியவில்லை. எங்கள் ஊரில் இப்படி ஏற்றினால் போலீஸ் சம்மன் வீட்டுக்கே வரும். ஆனால் எங்கள் ஊரில் இத்தனை பேர் வழி சொல்லவும் மாட்டார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் சாம்பார் சாதம் கிடைத்தது. பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் தமிழ் இது: "இந்த வாரம் முடித்துத் தருகிறேன் என்றுதான் வாடிக்கையாளரிடம் சொன்னேன்." "நல்லது. எந்த மாதத்து வாரம் என்று சொல்லவில்லையே?" அகஸ்டஸ் இருந்திருந்தால் இரண்டாமவனைப் பாராட்டியிருப்பார்.

சுகந்தி வந்ததும் சிரித்துவிட்டாள். "அங்கிளோட ஃபேவரிட் எதுன்னு கேக்கறீங்களா? டவுட்டே இல்ல அங்கிள், கேட்டோதான். மீட்டிங்ல பார்க்கிங் பத்திப் பேசுவோம், வாட்ச்மேன் பத்திப் பேசுவோம், பொங்கலுக்குக் கோலம் பத்திப் பேசுவோம். கடைசியா அங்கிள் எழுந்து நிப்பார். 'மேலும், தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்பது என் கருத்து.' சொல்லிட்டு உக்காந்துடுவார். எவ்ரி சிங்கிள் மீட்டிங்! ஒரு நாள் எனக்குக் கோவம் வந்துடுச்சு. ஏன் அங்கிள் இப்படின்னேன். அப்பதான் அந்தக் கதையைச் சொன்னார்."

கேட்டோ ரோம் நகரத்துக் கிழவர், சபை உறுப்பினர். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த கார்த்தேஜ் என்ற நகரம் அவர் கண்ணில் முள். சபையில் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில், மேலும் கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து என்று முடிப்பாராம். கார்த்தாகோ டெலெண்டா எஸ்ட். ஒரு நகரத்தை அழிக்கச் சொன்ன பேச்சை எடுத்துத் தண்ணீர்த் தொட்டி கழுவப் பயன்படுத்திய ஒரே மனிதர் என் மாமாவாகத்தான் இருப்பார்.

"கழுவினீங்களா?" என்று கேட்டேன்.

சுகந்தி கிண்ணத்தை மூடினாள். "போன மாசம். அவர் போன அப்புறம்தான். அன்னிக்கு மினிட்ஸ் எழுதறப்ப கை ஓடவே இல்லை அங்கிள்."

கேட்டோவும் கார்த்தேஜ் விழுந்ததைப் பார்க்கவில்லை. அவர் செத்து மூன்று வருடம் கழித்துத்தான் விழுந்ததாம். பஸ்ஸில் இதை இரண்டு முறை படித்தேன். சுருக்கம் விழுந்த கிழத்தலை ஒன்றின் படம் இருந்தது, அவர்தான் என்று சிலர் சொல்கிறார்களாம். அதையும் சேமித்தேன்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் இரண்டையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "ரெண்டுமே அவர்தான். ஆனா ரெண்டுமே எனக்குப் புதுசா இருக்குடா" என்றாள். என் மேல் அவளுக்கு ஏமாற்றம் என்று தோன்றியது. எனக்கே என் மேல் ஏமாற்றம்தான்.

சனிக்கிழமை காலை, தெருமுனையில் இருக்கும் காதர் பாயின் தையல் கடைக்குப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு மாமா சாயங்காலங்களை அங்கேதான் கழித்தார். வருகிறவர்களுக்கு ரேஷன் கார்டு, ஓய்வூதியம், ஆதார் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். பாய் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எனக்கு முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"டியெம் பெர்டிடி" என்றார், நான் கேட்டு முடிக்கும் முன்பே. "டைட்டஸ்னு ஒரு சக்கரவர்த்தி. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்தவரு, இன்னிக்கு யாருக்கும் ஒரு நல்லதும் பண்ணலையேன்னு நெனச்சுப் பாத்தாராம். 'நண்பர்களே, ஒரு நாளைத் தொலைச்சுட்டேன்'னாராம். உங்க மாமாவும் அப்படித்தான். யாரும் ஃபார்ம் எழுத வரலைன்னா கடை சாத்தற நேரத்துல மூஞ்சி சுண்டிப்போகும். 'டியெம் பெர்டிடி, பாய்'ம்பாரு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

பாய் கொஞ்சம் வெட்கப்பட்டார். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும் சார். ஆனா அந்த மாதிரி நாள்ல ஊசியைக் கையில குடுத்து, நூல் கோக்க வரலை, கொஞ்சம் கோத்துக் குடுங்கம்பேன். கோத்துக் குடுப்பாரு. நாள் தப்பிச்சுதுன்னு சந்தோஷமா வீட்டுக்குப் போவாரு. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

டைட்டஸின் சுருட்டைமுடித் தலையைப் பாய் முன்னாலேயே தேடி எடுத்துக் காட்டினேன். "நல்ல மனுஷன் களை இருக்கு" என்றார் பாய்.

இப்போது மூன்று வாக்கியம். பேனருக்கு அன்று மத்தியானத்துக்குள் கொடுக்காவிட்டால் ஞாயிறு காலை கிடைக்காது. அக்காவுக்குப் போன் செய்தேன். "மூணையும் போட்டுடு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேனே" என்றாள்.

மேற்குத் தாம்பரத்தில் பிரகாஷின் பிரிண்டிங் கடை. பூப்புனித நீராட்டு விழா, கடைத் திறப்பு விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே சுவரில் மாட்டியிருந்தன. ஒரு தாளில் மூன்று வாக்கியத்தையும் தமிழ் எழுத்திலும் பொருளோடும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அகஸ்டஸ், டைட்டஸ், கேட்டோ என்று பெயர் போட்டு, எல்லோருக்கும் பொதுவாக 'ரோம் நகர்' என்று குறித்துக் கொடுத்தேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே பிரகாஷ் கேட்டான்.

"பேரு கீழ வரணுமா சார்?"

"ஆமாம்பா, சொன்னவங்க பேரு கீழே வரட்டும்."

"அவங்க போட்டோ இருந்தா அனுப்புங்க, கெத்தா இருக்கும். ப்ரூஃப் பாக்கறீங்களா? ஒரு மணி நேரம் ஆவும்."

தேடிச் சேமித்த படங்களுக்கு ஒரு உபயோகம் வந்ததே என்று பெருமையாக அனுப்பினேன். ப்ரூஃப் வேண்டாம், ஐயருக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று ஓடினேன். நிதானமாக அவசரப்படு என்று இரண்டு நாளாகக் கேட்டும் படித்தும் வந்தவன் செய்த வேலை அது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கேட்டுக்கு உள்ளே இரண்டு பேர் பேனரைக் கட்டி முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் பூ வாங்கிக்கொண்டு வந்து நிமிர்ந்து பார்த்தேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

மேலே மாமா, மாலையோடு, நன்றாகவே இருந்தார். முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி. கீழே, நம் ஊர்ப் பேனர்களில் துக்கத்தில் பங்கேற்கும் நண்பர்களை வட்டம் வட்டமாகப் போடுவார்களே, அந்த இடத்தில் மூன்று வட்டம். 'ஆறாத் துயரில் வாடும் நண்பர்கள்: திரு. அகஸ்டஸ், திரு. டைட்டஸ், திரு. கேட்டோ, ரோம் நகர்.' ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவர் வாக்கியம், இரங்கல் செய்தியாக. சலவைக்கல் தலைகளுக்கு மாநிறம் ஏற்றி, வெறுமையாக இருந்த கண்களுக்குக் கருவிழியும் வைத்திருந்தான். டைட்டஸ் சேலையூரில் யாரோ எல்ஐசி ஏஜென்ட் போல இருந்தார்.

பிரகாஷுக்குப் போன் போட்டேன்.

"இன்னா சார் தப்பு? சொன்னவங்க பேரு கீழ போடுன்னு நீதான சொன்ன? போட்டோவும் நீதான அனுப்ச்ச. அகஸ்டஸ்னு எனக்கே ஒரு மாமா கீறாரு, டைட்டஸ் என்கூடப் படிச்சவன். கேட்டோதான் கேள்விப்பட்டதில்ல. கண்ணு இல்லாம கீதேன்னு நான்தான் கஷ்டப்பட்டு வச்சேன். ரோம் நகர் முடிச்சூராண்டதான சார் கீது?"

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பக்கத்தில் ஏரியைத் தவிர எல்லாமே ஏதோ ஒரு நகர்தான். கயிற்றை அவிழ்க்க ஸ்டூல் தேடினேன். அதற்குள் அக்கா படியிறங்கி வந்துவிட்டாள்.

வந்து நின்றாள். பார்த்தாள். "இவங்கல்லாம் யாருடா?"

சொன்னேன். என் அவசரத்தையும் சேர்த்தே சொன்னேன். உன் வீட்டுக்காரர் நினைவு நாளைக் கேலிக்கூத்தாக்கிவிட்டேன், பத்து நிமிஷத்தில் கழற்றிவிடுகிறேன் என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. முதல் வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இவர் என்ன சொன்னார்?"

"நிதானமா அவசரப்படுன்னு."

"எதுக்கு அப்படிச் சொன்னார்? யார்கிட்ட?"

தெரிந்ததைச் சொன்னேன். விரல் அடுத்த வட்டத்துக்குப் போனது. டைட்டஸ் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கதையைச் சொன்னேன், பாயின் ஊசியையும் சொன்னேன். அந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டோவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் வந்தபோது சத்தமாகவே சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. ஒரு வார்த்தைக்கும் விலகிப் போகவில்லை. ஐயர் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார், நான் சொல்லி முடிக்கும் வரை.

"கழட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"தொட்டே, பாரு."

பதினொரு மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆறுமுகம் பேனர் முன்னால் நின்று அகஸ்டஸை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவரா அது?" என்று என் காதில் கேட்டார். பாய் டைட்டஸை அடையாளம் கண்டுகொண்டு தலையசைத்தார். சுகந்தி போனில் படம் எடுத்தாள். பந்தியில் வடை பாயசம் போய்க்கொண்டிருந்தபோது, எதிர் பிளாக்கில் புதிதாகக் குடிவந்திருக்கும் அம்மா ஒருவர் கேட்டைப் பார்த்தபடி அக்காவிடம் விசாரித்தார். "இந்த மூணு பேரும் சாருக்கு ரொம்பப் பழக்கமாம்மா?"

நான் இலையிலிருந்து நிமிர்ந்தேன். அக்கா பாயச வாளியைக் கீழே வைத்தாள்.

"நாப்பது வருஷப் பழக்கம். எங்க வீட்டுக்குத் தினமும் வருவாங்க. நான்தான் ஒரு நாளும் உக்கார வச்சு ஒரு வாய் காபி குடுத்ததில்லை."